ஏழாவது வரி எப்படி வந்தது

போன மாதம் சரளா போன் செய்தாள். நான் வேலை பார்த்த டூல் ரூமில் இப்போது தரப் பரிசோதனையைக் கவனிக்கிறவள். மலை மேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் என் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. அன்று சாமைக் கொல்லை மேட்டில் நின்றிருந்ததால் அவள் குரல் கிடைத்தது.

"அக்கா, பாலிஷ் ரூம் தாள்ல ஏழாவது வரி ஒண்ணு கீதே, எல்லா டைக்கும் ஆசிட் சொட்டு வெச்சுப் பாக்கணும்னு. அத யாரு எழுதுனது?"

"தேவராஜ் சார்."

"இன்னாத்துக்குன்னு இங்க யாருக்கும் தெரியலக்கா. புது ஸ்பார்க் மெஷின் வந்துருக்குது. அதுலயே கண்ணாடி மாதிரி வந்துடுது. அந்த வரிய எடுத்துடலாமான்னு மேல கேக்குறாங்க."

"எடுக்காதம்மா."

"ஏன்னு கேப்பாங்களே அக்கா?"

சொல்ல ஆரம்பித்தேன். நாலு வார்த்தை போவதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிடவில்லை. போனில் கத்திச் சொல்கிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன், சரளா. படித்துவிட்டு உன் மேலதிகாரிகளுக்கும் கொடு.

என் பெயர் ஜெயக்கொடி. இந்த மலையில் பிறந்து, பத்தாவது முடித்து, கீழே போய் ஐ.டி.ஐ. படித்து, ஒரு தொழிற்பேட்டையின் டூல் ரூமில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயே முப்பத்திரண்டு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே இருக்கிறவர்கள் கேட்பார்கள், "கீழ இன்னா வேல பாத்தே?" என்று. "இரும்பைத் தேய்ச்சேன்" என்பேன். "அத்தினி வருசமாவா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் அவர்களுக்குக் கேட்கத் தோன்றாது; எனக்கும் சொல்லத் தோன்றாது.

வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டை என்றால் அச்சு. போல்ட்டு மாதிரியான சாமான்களை அடித்து உருவாக்குவது அதில்தான். டைக்கான எஃகை முதலிலேயே சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெட்டுக் கருவி எதுவும் அதில் எளிதில் இறங்காது. அங்கேதான் ஸ்பார்க் மெஷின் வரும். வேண்டிய வடிவத்தில் செய்த செம்புத் துண்டை, எண்ணெயில் மூழ்கியிருக்கும் எஃகுக்கு மயிரிழை தூரத்தில், தொடாமல் நிறுத்துவார்கள். இடையில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் எஃகில் ஒரு புள்ளியை உருக்கி எடுக்கும். விடாமல் பொறி விழ விழ, செம்பின் வடிவம் எஃகில் குழியாக இறங்கிவிடும்.

உருகியதெல்லாம் எண்ணெயோடு போய்விடாது. கொஞ்சம் அங்கேயே உறைந்து படிந்துவிடும். நாங்கள் அதை வெள்ளைத் தோல் என்போம். தலைமுடியைவிட மெல்லியது. அடியில் இருக்கும் எஃகைவிடக் கடினம், ஆனால் நொறுங்குகிற சுபாவம். சட்டென்று உருகிச் சட்டென்று உறைந்ததால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். மின்சாரத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசி ஓட்டங்களை மென்மையாக ஓட்டினால் தோல் மெலியும். மிச்சத்தைக் கையால் தேய்த்து எடுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

ஒரு கல்லை இடமிருந்து வலமாக ஓட்டினால் அடுத்த கல்லைக் குறுக்கே ஓட்ட வேண்டும். முந்தைய கல்லின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறைந்த பிறகுதான் அதைவிட நயமான கல்லை எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனித் துணி. நடுவில் கிரசின் ஊற்றிக் கழுவ வேண்டும். கல்லுக்குப் பிறகு எமரித் தாள், அதற்குப் பிறகு மூங்கில் குச்சி நுனியில் வைரப் பசை. முரட்டுத் தூள் ஒரே ஒரு பொட்டு பறந்து விழுந்தாலும் இரண்டு நாள் வேலை போச்சு. அதனால் பாலிஷ் ரூமில் மின்விசிறி கிடையாது. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். யாரும் உள்ளே வரக்கூடாது. வெளியே மெஷின்கள் இரைவதும் ஆட்கள் சிரிப்பதும் தண்ணீருக்கு அடியில் கேட்பது மாதிரி கேட்கும். காலையில் கதவைச் சாத்திக்கொண்டால் மதியச் சாப்பாட்டு மணிக்குத்தான் என் குரலை நானே கேட்பேன்.

தோல் இருக்கிறதா போய்விட்டதா என்பது விரலுக்குத் தெரியும். தோலின் மேல் கல் வழுக்கும், மெல்லிதாகக் கீச்சிடும். தோல் போனதும் கல் எஃகைக் கடிக்கத் தொடங்கும், சத்தம் அடங்கிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. ஸ்பிரிட்டில் கலந்த ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரு சொட்டு வைத்தால் எஃகு சாம்பல் நிறமாகும். தோல் மிச்சமிருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். ஆனால் சோதித்த கறையை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டும். அந்த நாளில் எங்கள் வேலைத் தாளில் இந்தச் சோதனைக்கு எதிரே 'தேவைப்பட்டால்' என்று எழுதியிருந்தது.

தேவராஜ் சார் எங்கள் டூல் ரூம் மேனேஜர். அத்தனை பெரிய பதவியில் இருந்தும் என் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார். சட்டைப் பையில் இருக்கும் பேனா, சில்லறை எல்லாவற்றையும் வெளி மேசையில் வைப்பார். கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சு படக்கூடாது என்று கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வார். டையை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெளிச்சத்துக்குச் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்துப் பார்ப்பார். ஏதாவது குறை இருந்தால், "இங்க இன்னாமோ சொல்லுதேம்மா" என்று விரலைக் காட்டுவார், தொடமாட்டார். குறை இல்லையென்றால் பூதக்கண்ணாடியை மடக்கிக்கொண்டே, "ஒண்ணும் தெரியல" என்பார். அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய பாராட்டு அவ்வளவுதான். அதற்காக நான் விரல் நுனி மரத்துப்போகும் வரை தேய்த்திருக்கிறேன்.

ஸ்பார்க் மெஷின் ஓட்டியவர் முனிரத்தினம். என்னைவிட நாலு வயது மூத்தவர். என்னைக் கொடி என்று கூப்பிட்ட ஒரே ஆள். அவர் முடித்த டை அடுத்து என் கைக்குத்தான் வரும். மதியம் டூல் ரூமின் பின்படியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவோம். நான் கொண்டுபோகும் சாமைச் சோற்றில் பாதி அவருக்கு, அவர் வீட்டுக் குழம்பில் பாதி எனக்கு. ஆறு வருடம் அப்படிப் போனது. எங்களைப் பற்றிக் கம்பெனியில் பேச்சு இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒருவரிடம் ஒருவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ரத்தினம் ஒரு டையைத் துணியில் சுற்றி என் கதவருகே கொண்டுவந்தார். போல்ட்டுத் தலை அடிக்கிற டை. ஆழமான குழி, அடியில் இறுக்கமான மூலை. அடுத்த நாள் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். மதியமே ஊருக்குக் கிளம்ப வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"கடைசி ரெண்டு ஓட்டத்தோட நேரத்தைக் கொஞ்சம் கொறச்சுட்டேன் கொடி, தோலு தடிப்பா இருக்கும். நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க."

அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

சனிக்கிழமை முழுக்க அந்த டையோடு இருந்தேன். மேல்பக்கம் அழகாக வந்தது. அடி மூலையில் கல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அந்த இடத்துக்குக் கல் சரியாக எட்டவில்லை. குச்சியைச் சீவிச் சீவி உள்ளே விட்டேன். திங்கட்கிழமை டை போயாக வேண்டும். ஆசிட் சொட்டு வைத்தால் கறை அந்த மூலைக்குள் இறங்கும், அதை எடுக்க இன்னும் ஒரு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். 'தேவைப்பட்டால்' என்றுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைரப் பசையை எடுத்துவிட்டேன். வைரம் தோலையும் பளபளப்பாக்கும். அதற்கு எஃகு, தோல் என்ற பேதம் கிடையாது. சாயங்காலம் அந்த மூலையில் என் கண் தெரிந்தது.

தேவராஜ் சார் வந்து பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "ஒண்ணும் தெரியல" என்றார். சோதனை செய்தாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து, டையை வாங்கிய பிரஸ் கம்பெனியிலிருந்து ஒரு சாக்குப் பை வந்தது. உள்ளே அந்த டை மூன்று துண்டாகக் கிடந்தது. கூடவே ஒரு சீட்டு. டையை மாட்டி அடிக்கிற பிரஸ் மெஷினை ஓட்டிய ஆள் அதை இறக்க வேண்டிய உயரத்தைத் தப்பாக வைத்துவிட்டதால் டை உடைந்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து அனுப்பவும். அவ்வளவுதான். எங்கள் மேல் ஒரு புகாரும் இல்லை. பையைக் கொண்டுவந்த டிரைவர்தான் டீ குடித்துக்கொண்டே மற்றதைச் சொன்னார்.

"தெறிச்ச துண்டு அந்தாளு கண்ணுல பூந்துடுச்சுங்க. ஏழுமலைன்னு பேரு. செங்கம் பக்கத்து ஆளு. வலது கண்ணு போச்சு. கவனமில்லாம வேல செஞ்சான்னு நிறுத்திட்டாங்க."

நான் துண்டுகளை அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். மூன்றையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தேன். வெடிப்பு அந்த அடி மூலையிலிருந்து கிளம்பியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பஞ்சில் ஆசிட் தொட்டு வைத்தேன். எஃகு சாம்பலாக மாறியது. மூலையில் மட்டும் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு நின்றது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வறண்ட ஏரிக்குள் சேறு வெடித்துக் கிடப்பது மாதிரி அந்தக் கோடு முழுக்க விரிசல். அதில் ஒன்று எஃகுக்குள் இறங்கியிருந்தது.

கழுவித் துடைத்தால் கறை போய்விடும். துண்டுகளை ஸ்கிராப்பில் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். சாப்பாட்டு மணி அடித்தது, ரத்தினம் கதவைத் தட்டிவிட்டுப் போனார், நான் எழுந்திருக்கவில்லை. பிறகு துண்டை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு தேவராஜ் சார் அறைக்குப் போனேன்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். என்னை உட்காரச் சொன்னார். அது வரையில் அவர் எதிரே நான் உட்கார்ந்ததில்லை.

"சோதன பண்ணியாம்மா?"

"இல்ல சார். கல்லு வழுக்கிச்சு. தெரிஞ்சுதான் விட்டேன்."

"ரத்தினம்?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "கடைசி ரெண்டு ஓட்டம் கொறச்சுட்டாரு சார். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுத்தாரு. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இப்ப நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார்."

அவர் ஜன்னலுக்குப் போய் நின்றார். வெளியே லாரியில் இரும்புக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். முழு லாரியும் இறக்கி முடிகிற வரை அப்படியே நின்றார். திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பிரஸ் கம்பெனிக்கு ஒரு கடிதத்தை முதலில் பென்சிலில் எழுதினார், பிறகு அதன் மேலேயே பேனாவில் எழுதினார். டை உடைந்ததற்குக் காரணம் எங்கள் வேலையில் இருந்த குறை, பிரஸ் ஓட்டியவர் அல்ல. அதன் கீழே, டையைப் பார்த்துச் சரியென்று அனுப்பியவர் என்று தன் பெயரை முதலில் எழுதினார். அடுத்து என் பெயர், மூன்றாவதாக ரத்தினத்தின் பெயர். "படிச்சுப் பாரு. பொய் எதனா கீதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி கத்தினார். அந்த வாடிக்கையாளர் அதோடு போய்விட்டார். தேவராஜ் சார் அன்று மாலையே வேலைத் தாளில் 'தேவைப்பட்டால்' என்பதை அடித்துவிட்டு, ஏழாவது வரியாகப் புதிதாக எழுதினார். எல்லா டைக்கும், விலக்கில்லாமல், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கச் சொட்டு வைக்க வேண்டும். அந்த இன்னொருவராக ஓய்வு பெறும் வரை அவரே வந்து நின்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்த "ஒண்ணும் தெரியல" வரவேயில்லை. பார்ப்பார், தலையசைப்பார், செருப்பை மாட்டிக்கொண்டு போவார்.

ரத்தினத்தை ஸ்பார்க் மெஷினிலிருந்து எடுத்துக் கம்பி வெட்டும் இடத்தில் போட்டார்கள். அன்று மதியம் பின்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் உட்காராமல் நின்றபடி கேட்டார்.

"நான் உங்கிட்ட சொன்னேன்தானே கொடி? மறச்சனா?"

"இல்ல. சொன்னீங்க."

"நீ பாத்துக்கறேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அப்ப உன் பேர மட்டும் குடுத்துருக்கலாமே."

கொடுத்திருந்தால் அது பாதி உண்மை. அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். அந்த வாரத்திலேயே வேலையை விட்டுவிட்டார். பல வருடம் கழித்து ஒரு முறை திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கூட மனைவியும் மகளும் இருந்தார்கள். அவரும் என்னைப் பார்த்தார். மகள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பின்படியில் அதற்குப் பிறகு என்னோடு யாரும் உட்காரவில்லை. உண்மையைச் சொல்கிறவளோடு சாப்பிட எல்லோருக்குமே கொஞ்சம் பயம். கொஞ்ச நாளில் நானும் சாப்பாட்டை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ரத்தினம் போன மறு வாரம் நான் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். கடிதம் பிரஸ் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. ஆனால் அவர்கள் அதை அந்த ஆளிடம் காட்டுவார்களா என்று எனக்குச் சந்தேகம். தேவராஜ் சாரிடம் கேட்டு ஒரு நகல் வாங்கிக்கொண்டேன். செங்கத்தில் இறங்கி விசாரித்து, இன்னொரு பஸ் பிடித்து, ஊர் எல்லையில் இறங்கி நடந்தேன்.

வாசலில் வேர்க்கடலைச் செடி குவித்திருந்தார்கள். ஓர் ஆள் உட்கார்ந்து காயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். நான் வலது பக்கமாக வந்ததால் தெரியவில்லை. பேசியதும் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க, இன்னா வேணும்?"

"நீங்க ஓட்டுன பிரஸ்ல உடைஞ்சுதே, அந்த டை எங்க கம்பெனியில செஞ்சது. பாலிஷ் போட்டது நான்."

அவருக்குப் புரியவில்லை. மனைவி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள், இடுப்பில் குழந்தை. நான் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். படிக்க வரவில்லையோ, கண் ஒத்துழைக்கவில்லையோ தெரியவில்லை. நானே சொன்னேன். டையின் மூலையில் ஒரு தோல் மிச்சமிருந்தது, அதில் விரிசல் இருந்தது, எடுத்திருக்க வேண்டியவள் எடுக்கவில்லை, அதனால் உடைந்தது.

"அப்ப ஹைட்டு?"

"ஹைட்டு இல்லீங்க. உங்க மேல தப்பே இல்ல."

கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். "நான் ரெண்டு வாட்டி பாத்தேங்க. சக்கரத்த இறக்குனதும் ஒரு வாட்டி, ஸ்விட்ச்சு போடறதுக்கு முன்ன ஒரு வாட்டி. அப்டித்தான் எனக்கு நெனப்பு. ஆனா அல்லாரும் நீதான் நீதான்னு சொல்ல, எனக்கே சந்தேகமாப் போச்சு. தெனம் படுத்துக்கினு அதயே நெனச்சிக்கினு கீறேன்." சட்டென்று எழுந்தார். "தே, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். எதிர் வீட்டிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார். மறுபடி சொன்னேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் என்னைச் சொல்ல வைத்தார். "கேட்டுக்கோ, கேட்டுக்கோ" என்றார். நான் தேய்த்தேன், நான் விட்டேன், அவர் மேல் தப்பில்லை. எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏழுமலை கண்ணைத் துடைத்தார். நல்ல கண்ணை மட்டும் அல்ல, இரண்டையும்.

அந்த நகலை வைத்துக்கொண்டு அவருடைய அண்ணன் பிரஸ் கம்பெனிக்குப் போனார் என்றும், ஏழுமலையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள் என்றும் பிறகு டிரைவர் மூலமாகத் தெரிந்தது. கண் திரும்பி வராது. சரளா, உன் மேலதிகாரிகள் ஏழாவது வரிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டால், இதைச் சொல். புது மெஷின் எவ்வளவு பளபளப்பாகக் கொடுத்தாலும், பளபளப்பு எதன் மேல் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

நான் கிளம்பினபோது ஏழுமலையின் மனைவி குழந்தையை இறக்கிவிட்டு என் பின்னாலேயே சாலை வரைக்கும் வந்தாள். அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சாலையில் ஏறும் இடத்தில் நின்றாள்.

"அக்கா, நீங்க வந்து சொன்னதுனால அவரு இன்னிக்குத்தான் தல நிமிந்து பேசுனாரு. அதுக்கு உங்கள கும்பிடறேன்." கும்பிடவும் செய்தாள். "ஆனா போய்ட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல."

"வேணாம்மா. நான் போறேன்."

பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. சாலையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் இருந்த புளியமரத்தின் கீழே, என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அது. பஸ் வந்து, நான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.